மார்ச் ஒன்றாம் தேதி நிலத்தின் மேல் நிற்பவை

சாந்தியாகோ
8 அக்டோபர் 1996

நோல்ஃபா அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால், "அதைக் கேக்க ரெண்டு வருஷம் ஆச்சா?" என்பாய். அதனால் கேட்கவில்லை. ஒலெகாரியா கடை போனுக்கு மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை ஒலெகாரியாவே, "உங்கக்கா வரமாட்டாளாம். சொல்றத எழுதி அனுப்பச் சொன்னா. இந்தப் போன்ல பேசினா பாதி தீவு கேக்குமாம்" என்றாள். சொல்லும்போது அவளுக்கு எத்தனை வருத்தம்! கேட்கப்போகும் பாதித் தீவில் அவள்தானே முதல் ஆள்.

அதனால் எழுதுகிறேன். என் அலுவலகம் இப்போது ஒன்பதாம் மாடியில். தெருவாசலில் பித்தளைப் பலகை, "எலியேசர் பார்ரியா, தென்முனை நிலங்கள்." பதினாலு வருஷத்துக்கு முன் பூட்ஸில் லெமூய்த் தீவுச் சேறோடு இந்த நகரத்தில் இறங்கினவன் நான். இன்றைக்குத் தெற்கே நிலம் வாங்கவேண்டும் என்றால் என்னைக் கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாய். ஆமாம், பெருமைக்குத்தான்.

இரண்டு விஷயம். முதலாவது, வாடிக்கையாளர்களுக்காக ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறேன். முன்பாதி சிலோயே தீவுகளுக்கு வருகிறவர்களுக்குப் பயணக் குறிப்பு, பின்பாதி மனை வாங்குகிறவர்களுக்கு யோசனை. எப்போது வரலாம், என்ன கொண்டு வரலாம், எதில் ஏமாறக்கூடாது, இதெல்லாம் உன்னைவிட யாருக்குத் தெரியும்? ஐந்து கட்டில் போட்டு விருந்தினர் வீடு நடத்துகிறவள் நீ. எழுதி அனுப்பு.

இரண்டாவது விஷயத்தைப் படிக்கும்போது அடுப்பில் எதையும் வைத்திருக்காதே. அப்பா போனபின் நோட்டரி முன்னால் பிரித்துக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். கடலோரப் பாதி எனக்கு, மேட்டுப் பாதி உனக்கு. வீடு உன் பேருக்கு, ஆனால் அது நிற்பது என் நிலத்தில். என் பாதியை ஆறு மனைகளாகப் பிரித்துவிட்டேன். முதல் மனையைப் பல் டாக்டர் உர்சுவாவும் அவர் மனைவி பமேலாவும் வாங்குகிறார்கள். அந்த அம்மாள் நம் வீட்டுப் படத்தைப் பார்த்ததும் மயங்கிவிட்டாள். அதைத்தான் புத்தக அட்டையில் போடப்போகிறேன். "மார்ச் ஒன்றாம் தேதி நிலத்தின் மேல் நிற்பவை அனைத்தும் சேர்த்து" என்று என் வக்கீல் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கத்தாதே. வீட்டுக்கு உரியதை உனக்கு ஒரு பைசா குறையாமல் கொடுத்துவிடுவேன். அதோடு காஸ்த்ரோ நகரில் மூன்றாம் மாடியில் ஒரு பிளாட். குழாயைத் திருகினால் வெந்நீர். விறகு பிளக்கவேண்டாம், கூரை ஒழுகுமோ என்று விழித்திருக்கவேண்டாம். உனக்கு ஒரு நல்லது செய்யக்கூட எனக்கு உரிமை இல்லையா?

தம்பி எலியேசர்

*

கெத்ரோ, லெமூய்த் தீவு
27 அக்டோபர் 1996

எலியேசர்,

அடுப்பில் ரொட்டி இருந்தது. கருகிப்போனது. அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

முதலில் நீ கேட்ட குறிப்பு. குடை கொண்டு வரவேண்டாம் என்று எழுது. இங்கே மழை மேலிருந்து பெய்வதில்லை, பக்கத்திலிருந்து பெய்யும். குடையைக் காற்று கொண்டு போகும், பின்னாலேயே ஓடுகிற நகரத்துக்காரனைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். கம்பளிச் சட்டை போதும். படகுத்துறையில் ஹார்ன் அடிக்கவேண்டாம். படகுக்காரன் மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தால் வடக்குக் காற்று வருகிறது என்று அர்த்தம், நீங்களும் உட்கார்ந்து உறிஞ்சுங்கள். யார் வீட்டிலாவது மில்காவ் வைத்தால், "உருளைக்கிழங்கு ரொட்டியா, எனக்கு ஒத்துக்காதே" என்று மூக்கைச் சுளிக்கவேண்டாம். தின்றுவிட்டு இன்னொன்று கேட்கவேண்டும்.

நிலம் வாங்குகிறவனுக்கும் ஒன்று எழுது. ஜனவரியில் நிலம் பார்க்க வராதே, ஜூலையில் வா. ஜனவரி வெயிலில் எல்லா நிலமும் பல்லைக் காட்டிச் சிரிக்கும். ஜூலை மழையில்தான் எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்த வழி மூழ்குகிறது, எந்தப் பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் திறக்கிறான் என்று தெரியும். இதை நீ அச்சடிக்கமாட்டாய், எனக்குத் தெரியும்.

இப்போது உன் இரண்டாவது விஷயம். பல் டாக்டர் பெண்டாட்டி படத்தைப் பார்த்து மயங்கினாளா? நான் அந்த வீட்டுக் கூரையில் ஏறி ஓடு மாற்றுகிறவள். என் புருஷன் பதகோனியாவுக்கு ஆட்டு ரோமம் வெட்டப் போய் அங்கேயே தங்கிவிட்ட பிறகு, ஐந்து கட்டில் போட்டு, ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டு, யாரிடமும் கை நீட்டாமல் நிற்கிறேன். அந்த வீடு இல்லாவிட்டால் நான் மூன்றாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்து வெந்நீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நல்லது செய்கிறானாம்! அப்பா சவ அடக்கத்துக்கு உன் கம்பெனி பேர் போட்ட மலர் வளையம் அனுப்பினாயே, அதுவும் நல்லதுதானே? "தென்முனை நிலங்கள்" என்று தங்க எழுத்தில்! பாதிரியார் படித்துவிட்டு, "இறந்தவர் நில வியாபாரியா?" என்று கேட்டார்.

உன் வக்கீல் கெட்டிக்காரர். "மார்ச் ஒன்றாம் தேதி நிலத்தின் மேல் நிற்பவை" என்றுதானே எழுதினார்? அப்படியே இருக்கட்டும், ஒரு எழுத்தையும் மாற்றாதே. நிலம் உன்னுடையது, வீடு என்னுடையது. நகரத்தில் வீட்டைச் சிமெண்ட் போட்டுப் பூமியோடு ஒட்டிவிடுகிறார்கள். அங்கேயே கிடந்து உனக்கும் மறந்துவிட்டது. நம் வீடு எப்போதடா மண்ணில் ஒட்டியிருந்தது? மரக்கட்டை மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

பிப்ரவரி 22, சனிக்கிழமை. மிங்கா வைக்கிறேன். ஊர் கூடி இழுத்து வீட்டை என் மேட்டில் வைக்கும். மார்ச் ஒன்றாம் தேதி உன் மனை மேல் என்ன நிற்கிறதோ, அதை உன் டாக்டர் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளட்டும்.

நோல்ஃபா

*

சாந்தியாகோ
15 நவம்பர் 1996

அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மிங்கா! இந்தக் காலத்திலா? இரண்டு மாடி வீடு, பதினாலாயிரம் மர ஓடு, கீழே உளுத்திருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாத உத்தரம். நடுவில் ஓடை, ஓடைக்கு இரண்டு பக்கமும் சதுப்பு. ஜூலையில் பார்க்கச் சொன்னாயே, நான் பத்தொன்பது ஜூலை பார்த்தவன். அந்தச் சதுப்பில் நம் சிவப்புப் பசு வயிறு வரை இறங்கினதை மறந்துவிட்டாயா?

இழுக்க யார் இருக்கிறார்கள்? பையன்கள் எல்லாம் சால்மன் மீன் பண்ணையில் வேலைக்குப் போய்விட்டார்கள். காளை வைத்திருந்தவன் எல்லாம் பிக்கப் வண்டி வாங்கிவிட்டான். நான் போன தடவை வந்தபோது ஒரு ஜோடிதான் பார்த்தேன், அதுவும் சுற்றுலாக்காரர்களுக்குப் படம் எடுக்க நின்றது. வீட்டை நடுவழியில் ஓடையில் கவிழ்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதே.

மலர் வளையம் பற்றி எழுதினாய். சரி, நானும் எழுதுகிறேன். அன்றைக்குப் புயல், படகு போகவில்லை. கரையில் நின்று ஒலெகாரியா கடைக்குப் போன் போட்டு, "ஒரே ஒரு நாள் பொறுங்க, வந்துடறேன்" என்று கெஞ்சினேன். நீ பொறுக்கவில்லை. அப்பாவைப் புதைத்துவிட்டு, "வேலை முடிந்தது" என்று சொல்லி அனுப்பினாய். வளையத்தைக்கூடப் போனிலேயே தீவுப் பூக்கடை ஒன்றில் அவசரமாகச் செய்யச் சொன்னேன். கம்பெனி பேரில் பில் போடச் சொன்னதை அவர்கள் வளையத்திலேயே எழுதிவிட்டார்கள். நான் எழுதச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக இதைச் சொல்ல எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

பிளாட் இன்னும் காலியாக இருக்கிறது. கொஞ்சம் புத்தியோடு யோசி.

எலியேசர்

(உன் பயணக் குறிப்பு அச்சுக்குப் போய்விட்டது. ஜூலையை எடுத்துவிட்டேன்.)

*

கெத்ரோ
4 ஜனவரி 1997

எலியேசர்,

வளையத்து விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாதிரியாரிடம் சொல்லியிருப்பேன். நான் பொறுக்கவில்லை என்றாயே, அப்பாவை மூன்று நாள் வைத்திருந்தேன், நாலாம் நாள் வைக்கமுடியவில்லை. காரணத்தைக் கடிதத்தில் எழுதமாட்டேன். நீயே யோசித்துக்கொள்.

இப்போது கேட்டுக்கொள். பத்தொன்பது ஜோடி! பிக்கப் வாங்கிவிட்டான்களாம், காளை போய்விட்டதாம்! பிக்கப் சேற்றில் சிக்கினால் எதை வைத்து இழுப்பார்கள் என்று நினைத்தாய்? நாற்பத்தோரு வீட்டு வாசலில் நின்றேன். அந்த வார்த்தை உனக்கு நினைவிருக்கிறதா? "உங்க கைய எனக்கு ஒரு நாள் குடுங்க. என் கை உங்களுக்கு உண்டு." கோப்பையில் புளித்த ஆப்பிள் சிச்சாவை ஊற்றி நீட்டினேன், ஒருத்தரும் குடிக்காமல் கோப்பையைத் திருப்பித் தரவில்லை. மீன் பண்ணையில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற பையன்கள்கூட, "அத்தை, அன்னிக்கு லீவு சொல்லிட்டோம்" என்றார்கள். உத்தரத்தையும் கத்தியால் குத்திப் பார்த்தாயிற்று. கல் மாதிரி இருக்கிறது. ஆப்பிள் சிச்சா இரண்டு பீப்பாய் ஆயிற்று, நாலு ஆடு ஒதுக்கி வைத்தாயிற்று. இந்தத் தீவில் என் பேருக்கு இத்தனை கை இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ராத்திரி படுத்தால் பெருமையில் தூக்கம் வரவில்லை.

இனிமேல் எழுதப்போவதை எழுத எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

ஆர்தெமியோ சிகுவாய்தான் மிங்காவை நடத்தவேண்டும். அவர் குரலுக்குத்தான் எல்லாக் காளையும் சேர்ந்து நடக்கும். கடைசியாக அவர் வாசலுக்குப் போனேன். கோப்பையைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

"எலியேசர் வர்றானா?"

"அவன் எதுக்கு? அவன்தான் வீட்டை வித்தவன்."

"அதான் கேக்கறேன். அண்ணன் தம்பி சண்டைய, அக்கா தம்பி சண்டைய ஊர் இழுக்காது, நோல்ஃபா. நாங்க வீட்டைத்தான் இழுப்போம். அந்த வீட்டுல பொறந்தவன் ஒருத்தன் வேண்டாம்னா, நாளைக்கு எங்க பத்தொம்பது ஜோடியும் அவனுக்கு எதிரா இழுத்ததாகும். அவன் வந்து முன் ஜோடியைப் பிடிக்கட்டும். இல்லேன்னா நான் வரல. நான் வராட்டி யாரும் வரமாட்டாங்க."

கோப்பையை நிறைந்தபடியே திருப்பிக் கொடுத்தார். அதை வீடு வரைக்கும் கையிலேயே ஏந்திக்கொண்டு வந்தேன்.

அதனால் இதை எழுதுகிறேன். தம்பி, உன் கையை எனக்கு ஒரு நாள் கொடு. என் கை உனக்கு உண்டு.

நோல்ஃபா

*

சாந்தியாகோ
16 ஜனவரி 1997

அக்கா,

வழக்கத்தை மறந்தவன் நான் என்று எழுதினாய். கடிதத்தில் எப்போதிருந்து கை கேட்கிறார்கள்? நாற்பத்தோரு வீட்டு வாசலில் நின்றவளுக்கு நாற்பத்திரண்டாவது வாசல் மட்டும் தபால் பெட்டியா?

கேட்கவேண்டுமென்றால் வந்து என் வீட்டு வாசலில் நின்று கேள். பதினாலாவது மாடி, இடது பக்கம்.

எலியேசர்

*

சாந்தியாகோ
2 பிப்ரவரி 1997

அக்கா,

நீ வருவாய் என்று நான் சத்தியமாக நினைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கீழேயிருந்து காவலாளி கூப்பிட்டு, "சார், ஒரு அம்மா வந்திருக்காங்க. மேல போங்கன்னா போகமாட்டேங்கறாங்க. லிப்டுல ஏறமாட்டாங்களாம். உருளைக்கிழங்கு மூட்டை வேற இருக்கு" என்றான். நான் பைஜாமாவில் இருந்தேன். கதவைத் திறப்பதற்குள் பதினாலு மாடியும் நடந்தே ஏறி வந்து நின்றாய். மூச்சு வாங்குகிறது, முகம் சிவந்திருக்கிறது, கையில் அந்தக் கோப்பை. பதினெட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தவள் உள்ளே வா என்றால் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது, எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நீ யாரையும் பார்க்கவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னாய், கடைசி எழுத்து வரைக்கும், தலையைக் கொஞ்சம்கூடக் குனியாமல். கெஞ்சுகிறவர்கள் இப்படி நிற்பதை நான் பார்த்ததில்லை.

குடித்துவிட்டேன். என்ன செய்வேன்? பைஜாமாவோடு, காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில் சிச்சா. எதிர்வீட்டுக்காரர் இன்னும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

நான் குடித்த பிறகுதான் உள்ளே வந்தாய், குளித்துவிட்டு வருவதற்குள் போய்விட்டாய். மேஜையில் கிழங்கு மட்டும் இருந்தது. ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கக்கூடாதா?

ஆனால் நீ ஒன்று தெரிந்துகொள்ளவேண்டும். அந்த முதல் மனை போனால் எனக்குச் சாதாரண நஷ்டம் இல்லை. உர்சுவாவுக்கு வீட்டோடு தருகிறேன் என்று வாயால் சொன்னவன் நான். பதினாலு வருஷத்தில் நான் சொன்ன சொல் ஒன்றுகூட விழுந்ததில்லை. அதுதான் என் கடை, என் முதல், எல்லாம். அந்தச் சொல்லைத்தான் என் கையாலேயே காளை பூட்டி இழுக்கச் சொல்கிறாய். வருகிறேன். கோப்பையைக் குடித்தவன் வராமல் இருக்கமுடியாது. ஆனால் சந்தோஷமாக வருகிறேன் என்று நினைக்காதே.

எலியேசர்

*

கெத்ரோ
10 பிப்ரவரி 1997

தம்பி எலியேசருக்கு,

உன் புத்தகத்துக்கு இன்னும் சில குறிப்பு, சாந்தியாகோவுக்குப் போகிறவர்களுக்காக. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கவேண்டாம். பக்கத்தில் உட்காருகிறவன் உன் தோளில் தூங்குவான், ஓடித் தப்ப வழியில்லை. லிப்டை நம்பவேண்டாம், படி இருக்கிறது. அங்கே யாரும் "நல்ல நாளாகட்டும்" என்று சொல்வதில்லை, சொன்னால் பையைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். உள்ளே சாப்பிட உட்கார்ந்திருந்தால் அழுதிருப்பேன். அதனால்தான் கிளம்பிவிட்டேன். இதை அச்சடிக்காதே.

உன் வீடு சுத்தமாக இருக்கிறது. சுவரில் நம் கெத்ரோ கோயில் படம் மாட்டியிருக்கிறாய், பார்த்தேன். அதை இப்போதுதான் சொல்கிறேன். பித்தளைப் பலகையையும் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உன் அலுவலகத் தெருவுக்கு வழி கேட்டுப் போனேன். அலுவலகம் இன்னும் திறக்கவில்லை. நான் நின்று பலகையில் பார்ரியா என்று நம் அப்பா பேரைப் படித்துவிட்டு வந்தேன்.

ஆர்தெமியோவிடம் சொன்னேன். கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். "பதினாலு மாடி ஏறினியா?" என்று மூன்று தடவை கேட்டார். தீவு முழுக்க இப்போது அதே பேச்சு. ஒலெகாரியா இருபத்தேழு மாடி ஆக்கிவிட்டாள்.

டை கட்டிக்கொண்டு வராதே. உன் பழைய பூட்ஸ் மாடத்தில் இருக்கிறது, எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

நோல்ஃபா

*

சாந்தியாகோ
6 மார்ச் 1997

அக்கா,

மிங்கா அன்றைக்கு நீ வீட்டுக்குள்ளே இருந்தாய். உத்தரம் விரிசல் விட்டால் கத்துவதற்கு வீட்டுக்காரி உள்ளே இருக்கவேண்டும், வழக்கம்தான். அதனால் முன்னால் நடந்ததை நீ பார்த்திருக்கமாட்டாய். ஊர்க்காரர்கள் சொன்னதை நம்பாதே, நான் சொல்கிறேன்.

நான் முன் ஜோடியின் நுகத்தைத் தொட்டதும் அந்தக் கருப்புக் காளை என்னை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. எல்லோரும் சிரித்தார்கள். "வாசனைத் தைலம் போட்டுட்டு வந்திருக்கான் பாரு!" என்று ஆர்தெமியோ கத்தினார். அதற்கப்புறம் கையைத் தூக்கினார், பத்தொன்பது ஜோடியும் கழுத்தைத் தாழ்த்தின. வீடு முனகியது. ஒரு அடி. இரண்டு அடி. பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். ஜன்னல் எல்லாம் கழற்றிய வீடு, நம் வீடு, என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. இருநூறு மனை விற்றிருக்கிறேன். ஒரு நிலத்திலும் என் மார்பு அப்படி விரிந்ததில்லை.

சதுப்பில்தான் மாட்டியது. முன் ஜோடி முழங்கால் வரை இறங்கிவிட்டது, அடிமரம் ஒரு பக்கம் சாய்ந்தது, சங்கிலி அறுந்து விழுந்தது. உள்ளே நீ ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆர்தெமியோ தொப்பியைக் கழற்றிவிட்டார். "பலகை வேணும். நல்ல கனமான பலகையா வேணும்" என்றார். போட்ட கட்டை எல்லாம் சேற்றுக்குள் போய்விட்டிருந்தது. யாரிடமும் பலகை இல்லை.

என்னிடம் இருந்தது. மேட்டு வளைவில், பாதையைப் பார்த்து, நாலு மீட்டர் அகலத்தில். "தென்முனை நிலங்கள். கடல் பார்த்த மனைகள். இன்றே முன்பதிவு." தண்ணீர் ஊறாத மரம், சாந்தியாகோவிலிருந்து லாரியில் அனுப்பினது. நான் ஓடிப்போய்க் கோடாலியால் இரண்டு காலையும் வெட்டினேன். மீன் பண்ணைப் பையன்கள் எட்டுப் பேர் தூக்கி வந்தார்கள். என் கம்பெனி பேர் மேலே தெரிய சேற்றில் போட்டோம். சங்கிலியை மறுபடி பூட்டியதும் அதன் மேல் வீடு ஏறிக் கடந்தது. "எலியேசர், இப்பத்தான்டா உன் போர்டு ஒரு வேலைக்கு ஆச்சு!" என்று யாரோ கத்தினார்கள். அவன் யார் என்று தெரிந்தால் சொல்லு, அடுத்த தடவை கட்டிப்பிடிக்கவேண்டும்.

டாக்டரும் பமேலாவும் மார்ச் ஒன்றாம் தேதி நிலத்தை ஒப்புக்கொள்ள வந்தார்கள். நானும் கூடவே போனேன். நீ சந்தைக்குப் போயிருந்தாய், அல்லது போனதாகச் சொல்லச் சொன்னாய். மரக்கட்டை இருந்த பள்ளங்கள், சுற்றிலும் புல். அவர், "வீடு எங்கே?" என்றார். நான் மேட்டைக் காட்டி, "அது எங்க அக்கா வீடு. நடந்து போயிடுச்சு. நானும் சேர்ந்துதான் இழுத்தேன்" என்றேன். என் வக்கீலாக இருந்தால் என்னென்னமோ சொல்லியிருப்பார். என்னால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை, சொல்லவும் ஆசையில்லை. பமேலா ரொம்ப நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் முதல் மனை வேண்டாம் என்றுவிட்டார். மற்ற ஐந்தும் போகும், போகட்டும். என் சொல் ஒன்று விழுந்தது. அலுவலகத்தில் எல்லோரிடமும் நானே நிமிர்ந்து நின்று சொன்னேன். அவர்களுக்கு விளங்கவில்லை.

முதல் மனையை இனி விற்கவில்லை. புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கிறேன், ஜூலைக் குறிப்பையும் சேர்த்து, உன் பேர் போட்டு. வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் வாங்கமாட்டார்கள். மீதிப் பாதி நல்லவர்களாக இருப்பார்கள்.

இப்போது ஒன்று கேட்கவேண்டும். ஒரு நாள் என் கையைக் கொடுத்தேன், உன் கை எனக்கு உண்டு. மாடியில் வடக்கு ஜன்னல் அறை இருக்கிறதே, நான் பிறந்த அறை, அதை விருந்தினருக்கு விடாமல் எனக்கு வைத்திருப்பாயா? வருஷத்துக்குச் சில நாள் போதும். பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

தம்பி

*

கெத்ரோ
23 மார்ச் 1997

தம்பிக்கு,

போர்டைப் பற்றிக் கத்தினது பெத்ரோனிலோவின் மகன். ஏற்கெனவே அதைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் சிச்சா வாங்கிக் குடித்துவிட்டான்.

உள்ளே நான் ஏன் கத்தவில்லை என்று பயந்தாயாமே. வீடு சாய்ந்தபோது ஜன்னல் ஓட்டை வழியாக நீ கோடாலியோடு ஓடுவதைப் பார்த்தேன். உன் போர்டை நோக்கித்தான் ஓடுகிறாய் என்று தெரிந்தது. அப்புறம் எனக்குக் கத்தத் தோன்றவில்லை. அடுப்பு இருந்த இடத்தில் உட்கார்ந்து சிரித்தேன். அப்பா இருந்திருந்தால் ஊரையே கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.

வீடு நன்றாக உட்கார்ந்துவிட்டது. ஒரு ஓடுகூட விழவில்லை. மேட்டிலிருந்து பார்த்தால் கோர்கோவாதோ எரிமலை வரைக்கும் தெரிகிறது, உன் ஆறு மனையும் காலடியில். அட்டைப் படத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, ஆனால் எடுக்கவிடமாட்டேன். பமேலா அம்மாள் பத்து நாளைக்கு முன்னால் தனியாக வந்தாள். இரண்டு நாள் தங்கினாள். மில்காவ் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். நல்ல பெண்.

உன் போர்டைச் சேற்றிலிருந்து எடுக்கவில்லை. ஆடுகள் ஓடையைக் கடக்க வசதியாக இருக்கிறது.

அறை விஷயம். கடிதத்தில் எப்போதிருந்து கை கேட்கிறார்கள்? நான் பதினாலு மாடி ஏறினேன், உனக்கு மேடு ஒன்றுதான். சிச்சா நீ கொண்டு வா, கோப்பை இங்கே இருக்கிறது. பழைய இடத்தில் போய் நிற்காதே, வாசல் இப்போது கிழக்கே பார்க்கிறது. ஜனவரியில் வராதே, அப்போது யார் வேண்டுமானாலும் வருவார்கள்.

ஜூலையில் வா. மழையில் நின்று கேள்.

அக்கா